கமிட்டிக்காரர் மகள்

திருத்தணியில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. மளிகைக் கடையிலும் பஸ் ஸ்டாண்டிலும் மலையடிவாரத்துப் பூக்காரியிடமும் நான் "கமிட்டிக்காரர் பொண்ணு"தான். சின்ன வயதில் எனக்கு அதில் ஏகப்பட்ட கர்வம். என் நைனா ஊரில் இருந்த ஒரு உதவி பெறும் பள்ளிக்கூடத்தின் நிர்வாகக் கமிட்டியில் உறுப்பினர். ஆந்திராவோடு இருந்த ஊர் இந்தப் பக்கம் வந்து சேர்ந்த புதிதில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதுகளில் முழங்கால் இரண்டும் மடங்க மறுத்தபோதுதான் எழுந்தார். இடையில் எத்தனையோ தலைமையாசிரியர்கள் வந்து போனார்கள், ஆட்சிகள் மாறின. நைனாவின் நாற்காலி மட்டும் போட்ட இடத்திலேயே இருந்தது. இவ்வளவு காலம் ஒருத்தர் எப்படித் தாக்குப்பிடித்தார் என்று கேட்டால், அவருடைய நல்ல மனசு என்று ஊர் சொல்லும். எனக்கு வேறு காரணம் தெரியும்.

முதலில் அவருடைய நல்லதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பெற்ற தகப்பனையே தூற்றுகிறாள் என்பீர்கள். நாங்கள் பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்த நெசவுக் குடும்பம். நைனாவுக்குத் தறிக்குழியில் காலை விட்டு உட்காரப் பிடிக்கவில்லை. மலையடிவாரத்தில் ஒரு துணிக்கடை வைத்தார். லுங்கி, துண்டு இவற்றோடு காவடி எடுப்பவர்களுக்கான மஞ்சள் வேட்டியும் எங்கள் கடையில் கிடைக்கும். ஆடிக் கிருத்திகைக்கு வருகிற காவடிக் குழுக்களில் பாதிப் பேர் எங்கள் வாடிக்கைக்காரர்கள். குழுத் தலைவர்கள் கடைக்குள் வந்து உட்கார்ந்து சோடா குடித்துவிட்டு, தங்க இடமில்லை என்று நைனாவிடம் புலம்புவார்கள். ஆடி மாதத்தில் திருத்தணியில் கால் வைக்க இடம் கிடைக்காது. ரோட்டோரத்திலும் ரயில்வே ஸ்டேஷன் மேடையிலும் குளக்கரையிலும் ஜனங்கள் படுத்துக் கிடப்பார்கள்.

பள்ளிக்கூடம் அப்போது ஒரு ஓட்டுக் கட்டடமும் ஒரு கீற்றுக் கொட்டகையும்தான். மழை வந்தால் கொட்டகை வகுப்புக்கு லீவு. நைனாவுக்கு அங்கேதான் மூளை வேலை செய்தது. "நீங்க ஒரு ரூம் கட்டிக் குடுங்க. உங்க குழு பேரைக் கல்லுல வெட்டி வைக்கிறோம். கிருத்திகைக்கு வந்தா அது உங்க ரூமு, யாரும் கேக்கமாட்டாங்க. மீதி நாள்ல எங்க புள்ளைங்க குந்திப் படிக்கட்டும்" என்று ஒரு குழுத் தலைவரிடம் சொல்லியிருக்கிறார். அந்தக் குழு கட்டிக் கொடுத்தது. அதைப் பார்த்து இன்னொரு குழு வந்தது. இப்படியே அறை அறையாக எங்கள் பள்ளிக்கூடம் வளர்ந்தது. ஒவ்வொரு வாசலிலும் ஒரு குழுவின் பெயர், வேல் படம், உபயம் என்று ஒரு கல். ஆறாம் வகுப்பு எது என்று கேட்டால் "பெரிய வேல் போட்ட ரூம்" என்போம். ஆடிக் கிருத்திகைக்குப் பெஞ்சுகளை வெளியே தூக்கிப் போட்டுவிட்டு வகுப்புகளைக் காவடிக்காரர்களுக்கு விடுவோம். திரும்பி வரும்போது கரும்பலகையில் விபூதிக் கையும், மூலையில் காய்ந்த சாமந்தியும், பெஞ்சுக்கு அடியில் மொட்டை போட்ட குழந்தையின் குல்லாவும் கிடக்கும். பெண் பிள்ளைகள் நாங்கள் கழுவி விடுவோம். எனக்கு அது பிடித்த வேலை. இது என் நைனா கட்டிய பள்ளிக்கூடம் என்று நினைத்துக்கொண்டே தேய்ப்பேன்.

கமிட்டிக் கூட்டம் மாதம் ஒருமுறை, கிருத்திகை அன்று சாயங்காலம் நடக்கும். அந்த நாளை வைத்தவர் செயலாளர். அரிசி மில்காரர், சுற்றிலும் நிலபுலன் உள்ள குடும்பம், குரல் கொஞ்சம்கூட உயராமல் பேசுவார். அன்று காலையில் மலைக்குப் போய் அபிஷேகம் பார்த்துவிட்டு, சர்க்கரைப் பொங்கல் பிரசாதம் தூக்குச்சட்டியில் கொண்டு வருவார். கூட்டத்தில் கை தூக்குகிற வழக்கமெல்லாம் கிடையாது. செயலாளர் விஷயத்தைச் சொல்வார். நாலு பேர் நாலு வார்த்தை பேசுவார்கள். பிறகு அவர், "அப்ப பிரசாதம் எடுத்துக்கலாமா?" என்பார். எட்டாம் வகுப்புப் பெண்கள் தொன்னையில் பொங்கலை வைத்து ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பார்கள். வாங்கிச் சாப்பிட்டால் சம்மதம். சாப்பிடாமல் தொன்னையை முன்னால் வைத்துவிட்டால் ஆட்சேபம். ஒரே ஒரு தொன்னை மீந்தாலும் அந்த விஷயம் அடுத்த கிருத்திகைக்குத் தள்ளிப் போகும். முருகன் பிரசாதத்தை ஒருத்தர் வேண்டாமென்று வைத்த பிறகு, மற்றவர்கள் அதைத் தாண்டிப் போகக் கூசுவார்கள். எங்கள் ஊரில் அதை மீறி எந்தத் தீர்மானமும் நடந்ததில்லை.

ஒரு முறை அப்படித் தொன்னை மீந்த கதை எல்லோருக்கும் தெரியும். தெலுங்குப் பிரிவு வாத்தியாரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று பேச்சு வந்தபோது, கமிட்டியில் இருந்த ஒரு ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் தொன்னையை முன்னால் வைத்துவிட்டார். அடுத்த மாதமும் வைத்தார். தெலுங்கு வாத்தியார் தப்பித்தார். ஆனால் தைப் பொங்கல் கழிந்து கமிட்டியைப் புதுப்பித்தபோது தமிழ் வாத்தியார் பெயர் அதில் இல்லை. ஏன் என்று யாரும் கேட்கவும் இல்லை.

இந்தக் கதையை எங்களுக்குச் சொன்னவரே நைனாதான். கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, ஈசிச் சேரில் சாய்ந்துகொண்டு ஆரம்பிப்பார். செயலாளர் மாதிரியே மெல்லிய குரலில் பேசிக் காட்டுவார். பிறகு எழுந்து நின்று தன் பதிலைச் சொல்வார். "இன்னாய்யா நெனச்சிக்கினு கீற? இது இன்னா உன் மில்லா? புள்ளைங்க படிக்கிற எடம்னு மூஞ்சிக்கு நேரா கேட்டேன். ஆளு கப்சிப்." அம்மா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்க மறந்து கேட்டுக்கொண்டிருப்பாள். எங்களுக்கு சினிமாவுக்குப் போக வாய்ப்பு குறைவு. மாதம் ஒரு கிருத்திகை, மாதம் ஒரு சினிமா. கதாநாயகன் எப்போதும் ஒருத்தர்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட வாசலில் நின்று கேட்டுவிட்டு, "இவரு ஒருத்தர் இல்லன்னா அந்த ஸ்கூலு இன்னேரம் அரிசி கொடோன் ஆயிருக்கும்" என்பார்கள்.

நான் எட்டாவது வந்தபோது எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. ஒன்பதாவது படிக்க வேண்டும். எங்கள் பள்ளி எட்டாவதோடு முடிந்துவிடும். மேலே படிக்க வேண்டுமென்றால் பையன்கள் கூட்டமாய்ப் போகிற ஹைஸ்கூல் இருந்தது, இல்லையென்றால் ரயிலேறி அரக்கோணம் போக வேண்டும். இரண்டுக்கும் அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "வயசுக்கு வந்த பொண்ண ஊரு மேல உட்டுட்டு நான் வவுத்துல நெருப்ப கட்டிக்கினு கெடக்க முடியாது. உங்க நைனா கண்ணு முன்னால இருக்கிற ஸ்கூல்னா அனுப்பறேன். வேற எங்கியும் கெடையாது" என்று முடித்துவிட்டாள். அம்மா சொன்னால் சொன்னதுதான், அவளிடம் கெஞ்சிப் பயனில்லை.

ஆனால் நான் கவலைப்படவில்லை. அந்த வருடம்தான் மெட்ராஸ் பக்கத்துக் குழுக்கள் சேர்ந்து மாடியில் அறைகள் கட்டிக் கொடுத்திருந்தன. அவர்களை அழைத்து வந்ததும் நைனாதான். மாடி அறைகளைக் காட்டினால் ஒன்பதாம் வகுப்புக்கு அனுமதி கொடுப்பதாக ஆய்வுக்கு வந்த அதிகாரி வாயாலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார். அடுத்த வருடம் பத்தாவது. நைனா மாடிப்படியில் என்னை நிறுத்தி வைத்து, "தோ பாரு, அந்தக் கோடி ரூமு. மலை தெரியுதா? ஒன்பதாவது அங்கதான். ஜன்னலாண்ட குந்திக்கோ. யாரு தடுத்தாலும் நான் கீறேன்" என்றார். சுண்ணாம்பு வாசம் போகாத அந்த அறையை நான் தனியாகப் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஜன்னல் வழியே மலைக்கோயில் முழுசாகத் தெரிந்தது. எந்த பெஞ்சு என்றுகூட முடிவு செய்துவிட்டேன்.

அந்த மாதக் கிருத்திகைக் கூட்டத்தில் பிரசாதம் கொடுக்கிற முறை எங்களுடையது. நானும் என் வகுப்புப் பெண்கள் சிலரும் கூடத்தைப் பெருக்கி ஜமக்காளம் விரித்துவிட்டு, பின்வாசலுக்குப் பக்கத்தில் தொன்னைகளோடு நின்றோம். எல்லோரும் ஒரே மாதிரி பச்சைத் தாவணி. அங்கே நின்றால் பேசுவது எல்லாம் காதில் விழும்.

செயலாளர் வழக்கம்போல மென்மையாகத்தான் ஆரம்பித்தார். கிருத்திகைக்கு மட்டுமல்ல, செவ்வாய்க்கிழமை, லீவு நாள், முகூர்த்த நாள் எல்லாவற்றுக்கும் ஜனங்கள் மலைக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள், தங்க இடமில்லாமல் பெண்டு பிள்ளைகளோடு தவிக்கிறார்கள் என்றார். மாடியை வருடம் முழுக்க யாத்ரிகர்களுக்கு விட்டுவிட்டால் பள்ளிக்கும் வரும்படி, ஊருக்கும் புண்ணியம் என்றார். "ஒம்பதாவதுக்கு இன்னா அவசரம்? கவர்மெண்டே ஒரு நாளைக்குத் தொறக்கும். நம்ம பொண்ணுங்க அவ்ளோ படிச்சி இன்னா கலெக்டராவா ஆவப்போவுதுங்க?" என்று சொல்லிச் சிரித்தார். ரெண்டு பேர் சேர்ந்து சிரித்தார்கள்.

நான் நைனாவைப் பார்த்தேன். இப்போது எழுந்து நிற்பார் என்று நினைத்தேன். இன்னாய்யா நெனச்சிக்கினு கீற என்று ஆரம்பிப்பார். பக்கத்தில் நின்றவளின் கையைக் கிள்ளி, "பாரு, எங்க நைனா கேப்பாரு பாரு" என்றேன். அத்தனை வருடமும் கேட்ட கதையை முதல்முறையாக நேரில் பார்க்கப்போகிறேன்.

ஒருத்தர் தண்ணீர் வசதியைப் பற்றிக் கேட்டார். இன்னொருத்தர் கக்கூஸ் மாடியிலேயே கட்டணுமா என்றார். செயலாளர் நைனாவின் பக்கம் திரும்பினார். "கடைக்காரரே, குழுக்காரங்க எல்லாம் உங்க ஆளுங்க. நீங்க சொன்னா சரி. இன்னா சொல்றீங்க?" என்று கேட்டார். அவ்வளவு மரியாதையாக, அவ்வளவு தெளிவாகக் கேட்டார். ஒரு வார்த்தை சொன்னால் போதும். வார்த்தைகூட வேண்டாம், தொன்னையைக் கீழே வைத்தால் போதும்.

நைனா கழுத்துத் துண்டைச் சரிசெய்துகொண்டார். "ஆங், ஆங்... செய்யலாங்க. நல்ல விசயந்தானே" என்றார்.

"அப்ப பிரசாதம் எடுத்துக்கலாமா?"

நாங்கள் வரிசையாகப் போனோம். நைனா உட்கார்ந்திருந்த பக்கம் என் பங்குக்கு வந்தது. குனிந்து தொன்னையை நீட்டினேன். நிமிர்ந்து பார்ப்பார், பார்த்தால் எப்படியும் வைத்துவிடுவார் என்று நம்பினேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தொன்னையை வாங்கினார். விரலால் ஒரு முந்திரிப் பருப்பைத் தனியாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பிறகு பொங்கலை வழித்துத் தின்றார். ஒரு பருக்கை மிச்சமில்லை.

அவர் பேசாமல் இருந்ததைக்கூட அன்று நான் பொறுத்துக்கொண்டிருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது. கடைக்காரர், வியாபாரம் இருக்கிறது, பெரிய மனுஷனைப் பகைத்துக்கொள்ள முடியாது என்று எனக்கு நானே எதையாவது சொல்லிக்கொண்டு அழுதிருப்பேன். அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நான் அவருக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் கழித்து வந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். ஈசிச் சேரில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அம்மா பதறிப்போய் என்ன ஆயிற்று என்றாள்.

"போச்சி. எல்லாம் போச்சி. மாடிய தூக்கி யாத்ரீகனுக்குக் குடுத்துட்டானுங்க." பிறகு எழுந்து நின்றார். "உட்டேனா நானு? மூஞ்சிக்கு நேரா கேட்டேன். எம்பொண்ணு படிக்கணும்யா, ஊர்ப் பொண்ணுங்க எல்லாம் படிக்கணும்யா, இதுக்காய்யா நான் குழு குழுவா போய்க் கெஞ்சி ரூமு கட்னேன்னு கேட்டேன். தொன்னைய தள்ளியே வச்சிட்டேன். தொடல. முருகன் மேல ஆணையா தொடல. அப்பவும் அத்தினி பேரும் ஒண்ணு சேந்துகினு, இந்த ஒரு தபா தொன்னை கணக்கு கெடையாதுன்னுட்டானுங்க. நான் ஒண்டி ஆளு இன்னா பண்ணுவேன்?"

அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. உண்மையான தண்ணீர். அவர் மேல் துண்டில் பொங்கல் நெய்யின் கறை இருந்தது, அம்மாவின் கண்ணில் அது படவில்லை. அவள் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டு என்னிடம் திரும்பினாள். "பாத்தியாடி? உனக்காக உங்க நைனா எத்தினி பேர எதிர்த்துக்கினு வந்து கீறாரு பாரு. போ, தண்ணி கொண்டாந்து குடு." நான் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தேன். அதையும் அவர் என் முகத்தைப் பார்க்காமலேயே வாங்கிக்கொண்டார்.

கூடத்தில் இருந்த பச்சைத் தாவணிகளில் ஒன்று நான் என்று அவருக்குத் தெரியவில்லை, அதனால்தான் இவ்வளவு துணிச்சலாகப் புளுகுகிறார் என்று நினைத்தேன். பல வருடங்கள் அப்படியே நினைத்திருந்தேன். அந்த நினைப்பு இல்லாவிட்டால் அந்த வீட்டில் என்னால் சோறு தின்றிருக்க முடியாது. அம்மாவிடம் நான் சொல்லவில்லை. எதைச் சொல்வது? அவளுக்கு இருந்த ஒரே சினிமா அது. அவளுடைய கதாநாயகன் நெய் வழிய வழியத் தின்றான் என்று எந்த வாயால் சொல்வேன்?

எட்டாவது முடிந்தது. நான் கடையில் உட்கார்ந்து லுங்கி மடித்தேன். என் வகுப்புப் பெண்களில் யாரும் மேலே படிக்கவில்லை. ஒருத்தி பள்ளிப்பட்டுக்குக் கல்யாணமாகிப் போனாள், மற்றவர்கள் தறிக்குப் போனார்கள். மாடியில் யாத்ரிகர்கள் வந்து இறங்கினார்கள். கீழே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கும்போது மேலே வாளி உருளும், குழந்தை கத்தும், யாரோ சத்தமாக வாய் கொப்பளிப்பார்கள். காலைப் பிரார்த்தனைக்கு நிற்கிற பிள்ளைகள் தலையில், மாடிக் கைப்பிடியில் காயப்போட்ட ஈர வேட்டிகள் சொட்டும். நைனா சுதந்திர தினத்துக்குக் கொடி ஏற்றிவிட்டு, அந்தச் சொட்டும் வேட்டிகளுக்கு அடியில் நின்று பெண் கல்வியைப் பற்றிப் பேசுவார். நன்றாகவே பேசுவார். ஊர் கை தட்டும். கடையில் எனக்கு எதிரே உட்கார்ந்து யாருடைய பிள்ளைக்கோ இடம் வாங்கித் தருவதாக வாக்குக் கொடுப்பார், வாங்கியும் தருவார். மாதா மாதம் கிருத்திகை வந்தது. மாதா மாதம் ஈசிச் சேரில் சினிமா நடந்தது. நான் அடுப்பங்கரையில் இருந்துவிடுவேன். அவர் குரல் உயர்ந்தால் ஏதோ ஒரு பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பிப்பேன்.

அரக்கோணத்தில் ரயில்வேயில் வேலை பார்க்கிறவருக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல மனுஷன். கல்யாணப் பேச்சில் "பொண்ணு என்னா படிச்சிருக்கு?" என்று அவர்கள் கேட்டபோது நைனா, "நான் கமிட்டில இருக்கிற ஸ்கூல்லதான் படிச்சுது" என்றார். எவ்வளவு என்று சொல்லவில்லை. அவர்களும் கமிட்டி என்ற வார்த்தையிலேயே மயங்கிவிட்டார்கள்.

எண்பதுகளில் ஒரு தை மாதம், நைனாவுக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். முழங்கால் வலியால் அவரே விலகப்போவதாகச் சொல்லியிருந்தார். நான் பிள்ளைகளோடு வந்திருந்தேன். அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முன் வரிசையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேடையில் நைனாவுக்கு மாலை, சந்தனம், பொன்னாடை. செயலாளருக்கும் தலை நரைத்துவிட்டது, குரல் மட்டும் அதே மென்மை. அவர் மைக் முன்னால் வந்து, நைனாவின் தோளில் கை போட்டுக்கொண்டு பேசினார்.

"நம்ம கடைக்காரரு மாதிரி ஒரு மெம்பர் எந்தக் கமிட்டிக்கும் கெடைக்கமாட்டாருங்க. இத்தினி வருசத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட இவரு எதுக்கும் குறுக்க நின்னதில்ல. ஒரு தபாகூட தொன்னைய மிச்சம் வச்சதில்ல. அவரு பொண்ணுக்கே ஒம்பதாவது இல்லன்னு ஆச்சே, அன்னிக்குக்கூட சிரிச்ச மொகமா வாங்கிச் சாப்ட்டாருங்க. அதாங்க பெரிய மனசு."

ஊர் கை தட்டியது. நிஜமாகவே மனசாரத் தட்டியது. நைனா கைகூப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அம்மா கை தட்டத் தூக்கிய கையை அப்படியே வைத்திருந்தாள். பிறகு என் பக்கம் சாய்ந்து, சின்னப் பெண் மாதிரிக் கேட்டாள். "தள்ளி வச்சேன்னாரே? முருகன் மேல ஆணையா தொடலன்னாரே?" விழா முடியும்வரை மேடையைப் பார்க்காமல் மடியில் இருந்த பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தாள். அந்த ஒரு மணி நேரத்தில் அவளுக்கு எத்தனை கிருத்திகை இடிந்து விழுந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு எரிகிறது.

வீட்டுக்கு வந்ததும் அவர் ஈசிச் சேரில் உட்கார்ந்தார். ஏதோ பேச வாயெடுத்தவர் அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அம்மா உள்ளே போகாமல் நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். நான்தான் கேட்டேன். இத்தனை வருடம் அடக்கி வைத்திருந்த கேள்வி அது.

"அன்னிக்கி உனக்குத் தொன்னை குடுத்தது யாருன்னு தெரியுமா நைனா?"

"ஏன் தெரியாது? நீதான்" என்றார்.

ஒரு தயக்கமும் இல்லாமல் சொன்னார். பிறகு நிதானமாக விளக்கினார். "அந்தத் தமிழ் வாத்தியார் கதிய பாத்தேன் இல்ல? தள்ளி வச்சிருந்தா என்னையும் அடுத்த தை மாசமே தூக்கியிருப்பானுங்க. அப்பால இந்த ஊருக்கு யாரு கீறா? ஸ்கூலுக்கு யாரு கீறா? ஊட்டுக்கு வந்து உங்கம்மாகிட்ட எப்படிச் சொல்றது, நீ வேற எதிர்ல நின்னுகினு கீற. எங்க சொல்லிடுவியோன்னு ஒரே பயம் எனக்கு. நீ தண்ணி கொண்டாந்து குடுத்த. ஒரு வார்த்த பேசல. அப்பதான் நெனச்சேன், இது எம்பொண்ணுடான்னு."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை இருந்தது. பொன்னாடை போர்த்தியபோதுகூட அவ்வளவு பெருமை இல்லை. நான் பொய்க்கு ஏமாந்தவள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவர் கணக்கில் நான் கூட்டாளி. ஒன்பதாவதை என்னிடமிருந்து பறித்தது செயலாளர் என்றால், அதை விழுங்கிவிட்டு வாய் மூடி நின்ற என் துக்கத்தை எடுத்துத் தன் சாமர்த்தியத்தில் சேர்த்துக்கொண்டது என் நைனா. இதைவிட மோசமான துரோகத்தை நான் யாரிடமும் அனுபவித்ததில்லை.

அவர் என் மௌனத்தை அன்றும் சம்மதமாகவே எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. குரலைத் தாழ்த்தி, நல்ல செய்தி சொல்கிற மாதிரி முன்னால் குனிந்தார்.

"உன்னாண்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். இப்பல்லாம் கமிட்டில ஒரு பொம்பள இருக்கணுமாம். என் எடத்துல உன்ன போடலாம்னு பேசி வச்சிருக்கேன். எல்லாரும் ஆங்னுட்டாங்க. மாசம் ஒரு நாளு, அரக்கோணத்துலேர்ந்து ரயிலேறி வந்தா போதும். உனக்குத்தான் அங்க எப்படி இருக்கணும்னு தெரியுமே."

"எட்டாவதோட நின்னவளையா நைனா?"

"அட, இதுக்கு இன்னாத்துக்கும்மா படிப்பு?" என்றார். என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, சிரித்தபடி, அவ்வளவு அன்பாகச் சொன்னார்.

நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன். வாசல்வரை வந்த அம்மா இரு என்று சொல்லவில்லை, என் மகளின் தலையை மட்டும் தடவிவிட்டாள். அரக்கோணம் வண்டிக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. ஸ்டேஷனில் உட்கார்ந்து, பிள்ளைகள் பார்க்காத பக்கமாகத் திரும்பி, நான் எட்டாவது முடித்த அன்று அழ வேண்டியதையெல்லாம் அன்றைக்கு அழுதேன்.